நான்கு நட்டுக் கூடாரம்

25 மாசி 1979, ஞாயிறு

சகலருக்கும் இத்தால் அறிவிக்கப்படுவது: எங்கள் வளவின் வெள்ளைச் சேவல் இன்று காலை மசூர் மச்சானின் ஜீப் கூரையில் ஏறி, கழுத்தை நீட்டி இரண்டு தரம் கூவி, மேற்படி கூரை தனக்கே சொந்தம் என்று பிரகடனம் செய்தது. ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று நான் சொல்லி முடிக்கவில்லை. ஆட்சேபனை ஸ்பனர் வடிவில் பறந்து வந்தது.

சேவல் நிலத்தில் விழுந்து ஒரு பக்கமாகச் சுற்றியது. வாப்பா கத்தியோடு ஓடி வந்தார். "உசிர் இரிக்கி! இன்னும் உசிர் இரிக்கி! பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்!" அறுத்தாயிற்று. பகல் கறியும் ஆயிற்று. உம்மா மட்டும் தொடவில்லை. அது கத்திக்கு மவுத்தானதா ஸ்பனருக்கு மவுத்தானதா என்று அவவுக்குத் தீரவில்லையாம்.

"சேவல் உங்கள என்ன செஞ்ச?" என்று ராத்தா கேட்டாள்.

"கூரையில பேண்டுட்டு."

"அதுக்குக் கொல்லுறதா?"

மச்சான் ஸ்பனரில் இருந்த ரத்தத்தைச் இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

மச்சான் என் மூத்த சகோதரி றாஹிலா ராத்தாவைக் கட்டி ஒரு வருஷம் ஆகிறது. மசூர் மச்சானுக்கும் மைசூர்ப் பருப்புக்கும் பேரில் கொஞ்சம்தான் வித்தியாசம். பருப்புக் கொதித்தால் இளகும். மச்சான் கொதித்தால் கை நீளும். அவருக்குக் கையாலாகாதது ஒன்றுமில்லை, எல்லாமே கையால்தான். நானோ கச்சிமுகம்மது, வயது பதினாறு. பேர் மட்டும்தான் கிழவன் பேர். பயம் என்றால் என்ன நிறம் என்று கேட்கிறவன்.

27 மாசி

ஜீப்புக்கு மேல்மாடி கட்டுகிறோம். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

கார்த்திகைச் சூறாவளி எங்கள் முதலைமடு வயல் வட்டையில் ஒரு மரத்தைக்கூட நிற்க விடவில்லை. முதல் விதைப்பையும் கொண்டுபோனது. மறுபடி விதைத்த வேளாண்மை இப்போதுதான் கதிர் தள்ளி நிற்கிறது. இதுவும் போனால் எங்களுக்குச் சோறு இல்லை. யானைக்குக் காவல் இருக்கப் பரண் வேண்டும், பரண் கட்ட மரம் வேண்டும், மரமோ படுத்துவிட்டது.

"மரம் இல்லாட்டி என்ன," என்றார் மச்சான். "பரணுக்கு நாலு சில்லுப் பூட்டுவம்."

சும்மா சொல்லக் கூடாது, அது மூளைதான். வெல்டிங் பட்டறை ஞானரட்ணம் அண்ணன் இரும்புக் குழாயை வளைத்து ஒட்டித் தந்தார். சூறாவளி பிடுங்கிப் போட்ட எங்கள் குசினிக் கதவு பரணின் தட்டு. நிவாரணத்தில் கிடைத்த, மழை புகாத பச்சைத் தாட்பாள் விரிப்பு அதற்கு மேலே கூடாரம். ஏறுவதற்கு ஒரு சின்ன ஏணி. மொத்தத்தையும் ஜீப்போடு பிடித்து வைத்திருப்பது மூலைக்கு ஒன்றாக நான்கு ஆணி, நான்கு நட்டு.

"தம்பி, இந்த நாலும்தான் உசிர்," என்றார் ஞானரட்ணம் அண்ணன். "இடைக்கிட இறுக்கிப் பாருங்கோ."

கூடாரம் என்ற சொல்லிலேயே முதலில் 'கூடா' என்றுதான் இருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

1 பங்குனி

இன்று மின்சாரம் வந்தது. பழைய ட்ரக்டர் பற்றரி ஒன்று, மரப்பெட்டிக்குள், ஜீப்பின் பின்பக்கம். ஜீப் ஓடும்போது அதுவும் சேர்ந்து நிரம்பும். அதிலிருந்து கூடாரத்துக்கு வயர். தலைமாட்டில் ஒரு பலகை, அதில் இரண்டு சுவிட்ச். ஒன்றுக்கு லொறியிலிருந்து கழற்றிய பெரிய லைட். மற்றதுக்கு பஸ் ஹோன். யானை வந்தால் முகத்தில் வெளிச்சம், காதில் பஸ்!

மச்சான் ஹோனுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என் விரல் தவறுதலாகச் சுவிட்சில் பட்டது. (விரல்தான். நான் அல்ல.) மச்சான் துள்ளிய துள்ளில் தலை இரும்பில் மோதியது. ராத்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு ஓர் அறை. என் இடது காதில் இன்னும் பஸ் போய்க்கொண்டிருக்கிறது. இறங்கும் இடம் தெரியவில்லை.

3 பங்குனி

பக்கத்து வயல் காரைதீவுக் கந்தப்போடியாருடையது. நேற்று அவருடைய காவல்காரனை யானை கொன்றுவிட்டது. தனியன் யானை, ஒரு காது கிழிந்தது. வாடிக் குடிசையை மிதித்து, அதற்குள் படுத்திருந்தவரையும் மிதித்திருக்கிறது. வாப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். நான் பார்த்திருக்கக் கூடாது. அவரைப் பாயோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள். பாய் எது ஆள் எது என்று—

இன்று பகிடி இல்லை.

5 பங்குனி

அடிச்சிட்டான். ராத்தாவ அடிச்சிட்டான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பியக் காவலுக்குக் கொண்டு போகாதீங்க. அவன் இன்னும் பொடியன். அந்தாள் செத்த மாதிரி—" சொல்லி முடியவில்லை. பளார். என் முன்னால், உம்மாவின் முன்னால். ராத்தாவின் வாய்ச் சொண்டு வெடித்து ரத்தம் நாடியில் இறங்கியது. என் கால் ஏன் அசையவில்லை? பயமில்லாதவனின் கால் இப்படித்தான் நிற்குமா?

ராத்தா அழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மச்சானின் பெட்டியைத் தூக்கி வந்து படியில் வைத்தாள்.

"இது எனக்குச் சீதனமா எழுதித் தந்த ஊடு. நீங்க பெட்டியோட வந்து ஏறின ஆள். கைய நீட்டுற ஆளுக்கு இதுக்குள்ள பாய் இல்ல."

மச்சான் கதவை உதைத்தார். பிறகு ஜீப்பில் ஏறிக் கூடாரத்துக்குள் படுத்தார். கொஞ்சத்தில் அந்தப் பெரிய லைட்டை எங்கள் ஜன்னலுக்கு நேரே போட்டார். ராத்தா வெளியே போய் நின்றாள்.

"வளவும் என்ட பேர்லதான் இரிக்கி."

ஜீப் தெருவுக்குப் போயிற்று.

6 பங்குனி

சுபஹு தொழுதுவிட்டு வந்தவர்கள் தெருவில் கூடி நின்றார்கள். "என்ன மசூர், பொண்டாட்டி ஊட்ட உட்டுட்டு மேல்மாடி கட்டிட்டயா?" என்று அப்துல் கபூர் கேட்டார். மச்சான் இறங்கி வந்து அவருடைய மூக்கில் குத்தினார். நாலு பேர் பிடித்து இழுத்தும் இரண்டாம் குத்து விழுந்தது. கபூரின் வெள்ளைச் சேர்ட் முழுக்கச் சிவப்பு.

சாப்பாடு நான்தான் கொண்டுபோகிறேன். இன்று மீன் ஆணத்தில் ஒரு பிடி உப்புக் கூடவாகப் போட்டேன். முழுவதையும் குடித்தார்.

9 பங்குனி

வாப்பா சொன்னார்: "ஊட்டுச் சண்ட ஊட்டோட. வேளாண்மைக்கு ஆர் காவல்? கூலிக்கு ஒருத்தனும் வாறானில்ல."

ஆகவே மச்சானும் நானும். ராத்தா என் கையில் சோற்றுப் பொட்டலத்தைத் தந்தாள். சொண்டு இன்னும் வீங்கித்தான் இருந்தது. "நீ மேலயே இரி. கீழ எறங்காத, என்ன?"

"ஆனை வந்தா வாலப் பிடிச்சிச் சுத்தி எறிவன்," என்றேன்.

"நீ இப்பிடித்தான் செல்லுவா," என்றாள்.

10 பங்குனி, பகல்

நான்கு நட்டு. நான்கும் இப்போது என் சேர்ட்டுப் பையில். வயலில் மச்சான் குளிக்கப் போன நேரம் கழற்றினேன். சும்மா நின்றால் பரண் நிற்கும். ஆள் ஏறிப் புரண்டால் கூடாரமும் ஆளும் ஆறடி கீழே. அந்தி மஃரிப் தொழுதுவிட்டுத்தான் மச்சான் மேலே ஏறுவார்.

கழுத்து முறிந்தால் முறியட்டும். ராத்தாவின் சொண்டை நான் மறக்கவில்லை.

13 பங்குனி

வரலாறு எழுதும் கை இது.

சனிக்கிழமை மஃரிப் நேரம். மச்சான் ஜீப்புக்கு முன்னால் துணி விரித்து மேற்கே கிப்லாவைப் பார்த்துத் தொழுதுகொண்டிருந்தார். நான் மேலே, கூடாரத்துக்குள், சிங்கம் போல் காவல். காடு மேற்கே. யானை எப்போதும் அங்கிருந்துதான் வரும். அன்று அது கிழக்கே குளக்கட்டுப் பக்கத்தால், மச்சானின் முதுகுக்குப் பின்னால் வந்தது. ஒற்றைக் காது கிழிந்த அதே தனியன்.

மச்சான் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதில். யானை தும்பிக்கையால் அவரை ஒரு வீச்சு. துணியோடு சேர்ந்து பறந்து ஜீப்பின் சில்லில் மோதினார். துடை எலும்பு முறிந்த சத்தம் பச்சைத் தடி முறிந்தது போல் கேட்டது. அப்படியே ஜீப்புக்கு அடியில் ஊர்ந்தார். யானை மண்டியிட்டுத் தும்பிக்கையை உள்ளே விட்டுத் தேடியது. எட்டவில்லை. எழுந்து ஜீப்பை நெற்றியால் தள்ளியது. கண்ணாடி நொறுங்கியது. ஒரு பக்கச் சில்லு இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பின. இன்னொரு தள்ளு, ஜீப் மச்சானின் மேல்.

அப்போது நான் பாய்ந்தேன்! பச்சைத் தாட்பாளைப் போர்த்துக்கொண்டு, "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கி, யானையின் முகத்துக்கு நேரே! அது பின்னால் வைத்த காலை முன்னால் வைக்கவே இல்லை. வேலிக் கட்டையை முறித்துக்கொண்டு பிளிறி ஓடியது. துரத்திப் போனதில் வாய்க்காலில் விழுந்து சாரம் நனைந்துவிட்டது. அவ்வளவுதான் எனக்கு நேர்ந்த சேதம்.

கந்தப்போடியாரின் ட்ரக்டரில் மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். வழி முழுக்கக் கத்தினார். விலா எலும்பும் போய்விட்டதாம்.

16 பங்குனி

தேத்தண்ணிக் கடையில் என் பிளேன்ரி இனி இலவசம். கந்தப்போடியார் ஒரு வாழைக்குலையோடு வந்தார். "தம்பி, எனக்கு ஒருக்காச் சொல்லு, எப்பிடிப் பாய்ஞ்ச?" சொன்னேன். காலையில் எட்டடி உயரமாயிருந்த யானை பின்னேரம் அஸருக்குப் பத்தடி ஆயிற்று. மூக்கில் பஞ்சோடு கபூரும் நின்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் வாப்பா மச்சானிடம் விசாரித்தாராம். "கச்சி செல்றது சரியா?"

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாராம்: "ஓம். சரிதான்."

ஏன் அப்படிச் சொன்னார்?

22 பங்குனி

ராத்தா மச்சானை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நாலு பேர் தூக்கி வந்து மண்டபத்தில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். தெரு முழுக்க வாசலில். மச்சான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், "புள்ள—" என்று ஏதோ தொடங்கினார்.

"கால் முறிஞ்சதுக்குத்தான் உள்ள எடுத்த," என்றாள் ராத்தா. "கை முறியல்ல எண்டத்த நான் மறக்கல்ல."

மச்சான் இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

24 பங்குனி, சனி

முதலைமடுவில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது. தனியன் அதற்குப் பிறகு வரவில்லை.

இன்று பகல், எல்லோரும் குசினியில் இருக்க, மச்சான் என்னைக் கூப்பிட்டார்.

"நீ பாய்ஞ்சயா?"

"ஓம்."

"பாய்ஞ்ச நேரம் ஒன்ட சேர்ட்டுப் பைக்குள்ள என்ன கிலுங்கின?"

அன்று உருண்டு வந்து அவருடைய முகத்துக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பையிலிருந்த நான்கையும் எடுத்துப் பாயில் வைத்தேன்.

"என்ட கழுத்து முறியிறதுக்கா?"

"ஓம்."

அடிப்பார் என்று நின்றேன். எட்டக்கூடிய தூரம்தான். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. ஒரு நட்டை எடுத்து உருட்டிப் பார்த்தது.

"எதால கழட்டின?"

"ஒங்கட ஸ்பனரால."

"சேவலுக்கு எறிஞ்ச அதே ஸ்பனராலயா?"

"ஓம்."

"அப்ப ரெண்டு பேரும் ஒரு சாதிதான்," என்றார். "ஞானரட்ணத்துக்கிட்டக் குடுத்துத் திருப்பிப் பூட்டு. நெல்லுச் சூடு போடுற வரைக்கும் காவல் வேணும்."

கன்னத்தில் அடித்திருந்தால் இன்றைக்கே ஆறியிருக்கும்.

ஆகவே, பதின்மூன்றாம் தேதி எழுதியதற்குச் சில திருத்தங்கள்.

நான் மேலே ஏறியது சிங்கம் போல் அல்ல. "நான் தொழுற வரைக்கும் நீ மேல ஏறிப் பாத்துக்கிட்டிரி" என்று மச்சான் சொன்னார். நட்டு என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாமல் ஏறினேன். அசையாமல் குந்தியிருந்தேன். யானையைக் கண்டேன். அது மச்சானின் முதுகுக்கு வந்து சேரும் வரைக்கும் கண்டேன். லைட் சுவிட்ச் என் தலைமாட்டில்தான் இருந்தது. ஹோனும். பற்றரி நிறைந்திருந்தது. கை போகவில்லை. பயமா, அல்லது—

பயம் என்றே வைத்துக்கொள்கிறேன். மற்றதை நான் எழுதமாட்டேன்.

நான் பாயவும் இல்லை. யானை ஜீப்பைத் தள்ள, நட்டில்லாத பரண் சரிந்து, கூடாரம் என்னையும் சுருட்டிக்கொண்டு கீழே விழுந்தது. தாட்பாளுக்குள் எது வாசல் என்று தெரியாமல் உருண்டேன். நான் முழங்கியது தக்பீர் அல்ல, "உம்மோ". பச்சை நிறத்தில் ஒரு மூட்டை "உம்மோ உம்மோ" என்று கத்திக்கொண்டு காலுக்குள் உருண்டு வந்தால், எந்த யானையும் ஓடத்தான் செய்யும்.

கடைசியாக, என் சாரத்தை நனைத்ததாகச் சொன்ன அந்த வாய்க்கால். வெட்டுக்காக அதை ஒரு கிழமைக்கு முன்பே அடைத்துவிட்டார்கள். அன்று அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.