நீங்கள் குடித்த தண்ணீர்

அண்ணை,

இன்று காலை வீட்டுச் சூடாக்கிகளைச் சரிபார்க்க ஒரு ஜெர்மன்காரர் வந்தார். நல்ல மனிதர். வாசலிலேயே சப்பாத்துக்கு நீல உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். நான்கு மாடி ஏறிய களைப்பில், ஒரு கிளாஸ் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். அவ்வளவுதான். குழாயடியில் கிளாஸ் நிரம்புவதற்குள் மகள், என் கணவர், ஊரிலிருக்கும் அக்கா என்று ஒவ்வொருவராக மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டேன். அவரோ ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு உங்களைத்தான் திட்டினேன். செத்தும் என்னை விடமாட்டீர்களா?

சிங்களப் படங்களில் பதினெட்டு வருடம் நடித்தவர் நீங்கள். உங்கள் முகம் ஒரு சுவரொட்டியிலும் வந்ததில்லை. பெயர்கூட எழுத்தோட்டத்தின் கடைசியில், அவர்கள் வைத்த சிங்களப் பெயராக ஓடி மறையும். கொழும்பில் கந்தோரில் கோப்பெழுதும் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்தவரைப் படப்பிடிப்புக்கு இழுத்துப்போனது அந்த நீண்ட முகம்தான். தந்திக்காரன், ஆஸ்பத்திரி டொக்டர், வாசலில் தொப்பியைக் கழற்றும் பொலிஸ் சார்ஜன்ட். எந்த வேஷமானாலும் வேலை ஒன்றுதான், சாவுச் செய்தி சொல்வது. "நான் படலையைத் திறந்தாலே தியேட்டரிலை சனம் மூக்கைச் சிந்தத் தொடங்கிவிடும், பிள்ளை" என்று பெருமையாகச் சொல்வீர்கள்.

முதல் படத்தில், செய்தியைக் கேட்டதும் கையை என்ன செய்வதென்று கதாநாயகிக்குத் தெரியவில்லையாம். ஏழு தடவை எடுத்தும் சரிவரவில்லை. எட்டாவது தடவை நீங்கள், வசனத்தில் இல்லாத ஒன்றாக, குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள். அவர் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கவில்லை. கிளாஸ் அவர் கையிலேயே இருக்க, செய்தியைச் சொன்னீர்கள். இயக்குநருக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகு எல்லாப் படத்திலும் தண்ணீர் கேட்டீர்கள், ஒரு படத்திலும் குடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்வீர்கள்:

"வெறுங்கை நெஞ்சிலை அடிக்கும். கையிலை தண்ணி இருந்தால், சிந்தாமல் பிடிக்கிறதிலை ஒரு நிமிசம் போகும். அந்த ஒரு நிமிசம் ஆளைத் தாங்கும்."

கொழும்பில் தமிழரைத் தாக்கிய கலவரத்தில் உங்களைக் காப்பாற்றியதும் சினிமாதான். ஒப்பனைக்காரர் உங்களுக்குப் பழைய சார்ஜன்ட் உடுப்பை மாட்டி, தன் காரில் ஏற்றி, எரிகிற தெருக்களைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார். அடுத்த வருடம் ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினீர்கள். பிறகு டுசல்டோர்ஃப் பக்கத்தில் ஓர் அகதிகள் விடுதி, ஒரு சாப்பாட்டுக் கடையின் கோப்பை கழுவும் வேலை. அந்த முகத்துக்கு இங்கே வேஷமில்லை என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

ஆனால் வேஷம் உங்களைத் தேடி வந்தது. விடுதியின் நடைபாதையில் எல்லோருக்கும் ஒரே தொலைபேசி. ஒருநாள் அதை எடுத்தது நீங்கள். மறுமுனையில் வந்தது யாரோ ஒருவருடைய தாயின் சாவு. போய்ச் சொல்ல வேறு எவருக்கும் தைரியமில்லை. நீங்கள் போனீர்கள், தண்ணீர் கேட்டீர்கள். அன்றிலிருந்து ஊரில் யார் செத்தாலும் கடிதம் உங்கள் முகவரிக்கே வரத் தொடங்கியது. அடியில் எப்போதும் அதே வரி: பக்குவமாகச் சொல்லவும்.

நான் கலியாணம் கட்டி இங்கே வந்தபோது, உங்களைப் பற்றித்தான் முதலில் எச்சரித்தார்கள். அவர் தேத்தண்ணி கேட்டால் பயமில்லை, தண்ணீர் கேட்டால் வீட்டில் ஒருவர் குறைந்துவிட்டார் என்று அர்த்தம். தெருவில் உங்களைக் கண்டால் பெண்கள் மறுபக்கம் கடந்துவிடுவார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் உங்களுக்கு விக்கல் எடுத்தபோது வீட்டுக்காரி ஓடிப்போய்ப் பழரசம் கொண்டுவந்து நீட்டினாள். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்தபடி நேரத்தோடு எழுந்துபோனதையும் நான் பார்த்தேன்.

அப்போது ஊரில் சண்டை. யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்த என் தம்பியிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதமில்லை. எனக்கு ஆறு மாதம். ஏற்கெனவே ஒன்று தங்காமல் போனதால் டொக்டர் என்னைப் படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் மணி அடித்தது. திறந்தால் நீங்கள், கையில் தொப்பியோடு.

"பிள்ளை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறியோ?"

குசினிக்குப் போனது நினைவிருக்கிறது. குழாயைத் திறந்தது நினைவில்லை. கிளாஸோடு வந்து உங்கள் முன்னால் நின்றேன். தண்ணீர் தளும்பி என் கையில் வழிந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், பிறகு வயிற்றைப் பார்த்தீர்கள். கையை நீட்டிக் கிளாஸை வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தீர்கள்.

"இன்னொன்று தா, பிள்ளை. நாலு மாடி, மூச்சு வாங்குது."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அதன் பிறகு ஒரு மணித்தியாலம், கதாநாயகிகள் மயங்கி விழுகிற விதங்களையெல்லாம் நடித்துக் காட்டினீர்கள். வயிறு நோகச் சிரித்தேன். உங்கள் கண் கலங்கியிருந்தது. படி ஏறிய களைப்பு என்றீர்கள், நம்பினேன். போகும்போது, தம்பிக்குக் கடிதம் எழுதினால் தா, கடைக்குப் பக்கத்தில்தான் தபாற்கந்தோர், நான் போட்டுவிடுகிறேன் என்றீர்கள்.

நான்கு கடிதம் எழுதித் தந்தேன். பிள்ளைக்கு நீயே ஒரு பெயர் சொல்லு என்று கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தேன்.

மகள் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்த மறுநாள் மறுபடி வந்தீர்கள். தண்ணீர் கேட்டீர்கள். கொண்டுவந்தேன். இந்தமுறை நீங்கள் வாங்கவில்லை.

ஷெல் விழுந்து தம்பி போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. என் கணவருக்கும் தெரியும், அன்றிரவே நீங்கள் இருவரும் பேசி வைத்த முடிவு. என் நான்கு கடிதங்களையும் ஒட்டுப் பிரிக்காமல் மேசையில் வைத்தீர்கள். நான் கிளாஸை உங்கள் காலடியில் எறிந்தேன். "நீங்கள் மனுசனே? என்ரை தம்பி செத்துக் கிடக்க என்னைச் சிரிக்க வைச்சனீங்களே!" என்று கத்தினேன். நீங்கள் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினீர்கள். "ஓம் பிள்ளை, வைச்சனான்" என்றீர்கள். 

இரண்டு வருடம் உங்களோடு பேசவில்லை. பிறகு யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய படத்தின் கசெட் என் கைக்கு வந்தது. அதில் நீங்கள் தந்திக்காரன், மூன்று நிமிடம்தான். தண்ணீர் கேட்கிறீர்கள், அந்தப் பெண் கொண்டுவருகிறாள், நீங்கள் வாங்கவில்லை. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் மகள் பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு படத்திலும் குடிக்காத தண்ணீரை, என் வீட்டில், இவளுக்காக அல்லவா குடித்தீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்தேன். "அண்ணை, தேத்தண்ணிக்கு வாங்கோ." மறுமுனையில் நீங்கள் அழுததை நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

போன மாசியில் உங்கள் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தான். "அம்மாட்டைச் சொல்ல எனக்கு ஏலாது அக்கா. நீங்கள்தான் போகவேணும்." முதல்நாள்தான் உங்கள் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று சொல்லி உங்கள் மனைவியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போனபோது அவர் உங்களுக்குக் கொண்டுபோகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். 

"அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கோ."

அவர் அடுப்பை அணைத்தார். ஒரு கிளாஸை எடுத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். எனக்கு நீட்டவில்லை. கதிரையில் அமர்ந்து, இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப சொல்லு, பிள்ளை."

அதன் பிறகு என்னைத்தான் அழைக்கிறார்கள். வாட்ஸ்அப் இருக்கிற காலத்திலும், பக்குவமாகச் சொல்லவும் என்ற அந்த வரி நிற்கவில்லை. இதுவரை மூன்று வீடுகளுக்குப் போய்விட்டேன். தெருவில் என்னைக் கண்டு ஒருத்தி மறுபக்கம் கடந்ததையும் பார்த்துவிட்டேன். மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தவளுக்கு ஏழு மாதம். தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தாள். கை நீட்டி வாங்கத்தான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். கை எழவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற அளவுக்கு எனக்கு நடிக்கத் தெரியாது, அண்ணை.