கடிகாரம் வாசித்த பாட்டுகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் சின்னதும் நலம். நீயும் முதுகுவலியை யாரிடமும் சொல்லாமல் நலமாகத்தான் இருப்பாய்.

பென்டிரைவ் வெள்ளிக்கிழமை வந்தது. நம் குழு பதிவு செய்த நாற்பத்தாறு பாட்டும் இருக்கின்றன. லிஃப்ட் பழுதுபார்க்கிற மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றுக்கும் வருஷம் போட்டிருக்கிறாய். அட்டைப்படமாக, நாம் பதிவு செய்த உன் மூன்றாம் மாடி வீட்டு ஜன்னல். பாட்டு என்ற இடத்தில் உன் பேர், வயலின் என்ற இடத்தில் என் பேர். கண்ணாடிக்கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

தாளம் என்ற இடத்தில்தான் ஒன்றுமே இல்லை. சின்னதுதான் கண்டுபிடித்தாள். பதினோரு வயசிலேயே என்னைவிட வேகமாகத் தேடுகிறாள். என் பேரை அடித்தாள், நாற்பத்தாறு வந்தது. உன் பேருக்கும் நாற்பத்தாறு. "கடிகாரம்" என்று அடித்தாள், ஒன்றும் வரவில்லை. "அப்பாவ எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுவீங்க?" என்கிறாள். எதற்குமே நேரத்துக்கு வராத மனுஷன், டிரம்ஸில் மட்டும் நேரம் தப்பமாட்டான் என்று நீதானே அந்தப் பேரை வைத்தாய்.

காப்பி எடுக்கும்போது விட்டுப்போயிருக்கும். சரிபார்த்து அனுப்பு. போனில் சொன்னால் "ஆகட்டும்" என்று சொல்லி மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

விட்டுப்போகவில்லை. நான்தான் எடுத்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் கோர்ட்டில் பிரிந்து கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே உட்கார்ந்து, நாற்பத்தாறையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அவன் பேரை அழித்தேன். இரண்டு நிமிஷ வேலை. கோர்ட் படிக்கட்டில் நீ உட்கார்ந்து அழுததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். உன்னை அங்கே உட்காரவைத்தவன் பேரை என் வீட்டில் நாற்பத்தாறு தடவை வைத்துக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்தா? அவன் வாசித்ததைப் பாட்டிலிருந்து எடுக்க முடியவில்லை, பேரையாவது எடுத்தேன்.

அதுவும் போக, மூன்று பேரைப் போட்டால், பாட்டுகளை அடுக்குகிற அந்தச் செயலி மூன்றையும் ஒரே பேராக ஒட்டி நாலாவதாக ஒரு ஆளை உண்டாக்கிவிடுகிறது. பட்டியலே அசிங்கமாகிறது.

வேறு எது கேட்டாலும் செய்கிறேன். இது முடியாது. சின்னதுக்கு ஒரு ஹெட்போன் அனுப்பியிருக்கிறேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கச் சொல்.

அண்ணன்

மார்ச் 19

அண்ணனுக்கு,

நாலாவது ஆள் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். தாளத்துக்குத் தனி இடம் இருக்கிறது, நீதான் அதைக் காலியாக வைத்திருக்கிறாய்.

நீ என் பக்கம் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ நிற்காவிட்டால் அந்த வருஷத்தை நான் தாண்டியிருக்கவே மாட்டேன். ஆனால் நடந்ததைக் கேள். சின்னது மாதம் இரண்டு தடவை அவள் அப்பாவைப் பார்க்கப் போகிறாள். அம்மாவின் பாட்டுகளில் நான்தான் டிரம்ஸ் என்று அவர் சொல்லியிருக்கிறார். இவள் இங்கே வந்து தேடினால் அவர் பேரே இல்லை. நேற்று சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா எங்கிட்ட பொய் சொன்னாராம்மா?"

அவர் சொன்ன பொய்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த ஊரில் இருந்துகொண்டு எந்த ஊரில் இருப்பதாகச் சொன்னார் என்பதுகூட. ஆனால் இது பொய் இல்லை. "இல்லடி, நிஜமாத்தான் வாசிச்சாரு" என்றேன். "அப்ப மாமா போட்டது தப்பா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்.

எனக்கும் கோபம்தான், அண்ணா. அவரோடு வாழ்ந்தது என் வாழ்க்கையில் எட்டு வருஷம். அதை அழிப்பதா வைப்பதா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். நீ என்னைக் கேட்கவே இல்லை. இப்போது அந்தப் பட்டியலைப் பார்த்தால், தாளத்துக்கு ஆள் இல்லாமல் நான் சுவரோடு வாசித்த மாதிரி இருக்கிறது.

பென்டிரைவைத் திருப்பி அனுப்புகிறேன். பேர் வந்தால் அனுப்பு. வராவிட்டால் எனக்கு இந்தப் பாட்டுகள் வேண்டாம்.

தங்கை

ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். முதல் வாரம் கோபத்தில் எழுதவில்லை. அப்புறம் சின்னது கேட்டதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் மேல் நின்று கேபிள் பார்க்கும்போதுகூட அதே நினைப்பு.

மறுபடி எல்லாவற்றுக்கும் மொத்தமாக அவன் பேரைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டுப் பார்த்தால் சில பாட்டில் டிரம்ஸ் மாதிரி இல்லை. முதல் தடவையே சோம்பல்பட்டு மூன்று பேரையும் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன் போல. எது அவன், எது இல்லை என்று சொல்ல ஒரே ஆள்தான் உண்டு.

அவனிடமே போனேன். அவன் இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். நலம்கூட விசாரிக்காமல் லேப்டாப்பைத் திறந்து விஷயத்தைச் சொன்னேன். நான் அழித்ததையும் சொன்னேன். "உங்க இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன் மச்சான்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் கடையிலேயே உட்கார்ந்து கேட்டோம். ஒரு பக்கம் ஆதார் காப்பி, கல்யாணப் பத்திரிகை காப்பி, நடுநடுவே ஹெட்போன். முப்பத்தொன்பதுக்குத் தலையை ஆட்டினான். ஏழு பாட்டுக்கு, "இது நான் இல்ல. அந்த வாரம் நான் வரல. ஏன்னு உங்களுக்கே தெரியும். எம் பேரப் போடாதீங்க" என்றான். போட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அவனாகவே வேண்டாம் என்றான்.

ஆக, நான் முன்னால் போட்டதும் தப்பு, பின்னால் அழித்ததும் தப்பு. சின்னதிடம் மாமா சொன்னதாகச் சொல்: அப்பா பொய் சொல்லவில்லை. நீ எழுதின மாதிரி, உன்னைக் கேட்காமல் செய்தது இந்த இரண்டையும்விடப் பெரிய தப்பு. மன்னித்துக்கொள்.

பென்டிரைவை மறுபடி அனுப்புகிறேன். முப்பத்தொன்பதில் அவன் பேர் இருக்கிறது. மிச்சம் ஏழில் தாளத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். யாரோ ஒரு சூட்கேஸைத் தட்டியதற்கெல்லாம் பேர் எதற்கு?

அண்ணன்

மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

சின்னது தேடினாள், முப்பத்தொன்பது வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, ஏழு பாட்டில் ஏன் அப்பா இல்லை என்று கேட்டாள். அந்த வாரம் அப்பா வரவில்லை என்றேன். "அப்ப யாரும்மா அடிக்கிறது?" என்றாள்.

அந்த சூட்கேஸ் யாருடையது என்று நீ எழுதவில்லை. அவரோடு சண்டை போட்டுக்கொண்டு, துணியை அள்ளிப் போட்டு, இடுப்பில் இவளோடு உன் வீட்டு வாசலில் வந்து நின்றேனே, அந்த சூட்கேஸ். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. சூட்கேஸை வாங்கி உள்ளே வைத்தாய். குழந்தையைத் தூங்கவைத்தாய். மறுநாள் பதிவுக்கு ஆள் இல்லை என்றதும் அதையே மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தாய். "துணிய அப்புறம் எடுத்து வைக்கலாம், நீ வாசி" என்றாய். பூட்டு ஆடுகிற சத்தம்கூடப் பாட்டில் கேட்கிறது. அந்த ஏழு நாளும் வாசிக்காமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஏழு பாட்டையும் முதலிலிருந்து மறுபடி கேட்டாள். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஏழிலும் தாளம் என்ற இடத்தில் உன் பேரைப் போட்டோம். இப்போது தாளம் என்று தேடினால் இரண்டு பேர் வருகிறீர்கள்.

பென்டிரைவை இதோடு அனுப்பியிருக்கிறேன். உன் கம்ப்யூட்டரிலும் ஏற்றிக்கொள். இதையும் அழித்துவிடாதே.

உன் தங்கை