பெட்டிக்குள் வரைந்த தீவு

பியோர்ண்டால், ஒஸ்லோ
18.04.2004

அன்புள்ள அத்தான்,

நானும் பிள்ளையும் சுகம். சுரங்கத்துக் கன்ரீனில் ஊருக்கெல்லாம் சமைக்கிற நீங்கள், உங்கள் வயிற்றையும் கவனிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் இதைச் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை வாசியுங்கோ.

உங்கள் குடியுரிமை விஷயமாகப் பொலிசின் வெளிநாட்டவர் பிரிவுக்குப் போய் விசாரித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல மாதிரி. சொன்ன செய்திதான் நல்லதில்லை. ஸ்வால்பார்ட் தீவில் நீங்கள் இருக்கும் காலம், நோர்வேயில் இருந்ததாகக் கணக்கில் வராதாம். நான் விடவில்லை. அங்கேயும் இதே கொடி, இதே குரோனர், இதே பொலிஸ்தானே என்று கேட்டேன். தீவு நோர்வேயுடையதுதான், ஆனால் ஒரு பழைய ஒப்பந்தத்தின்படி வெளிநாட்டவர்கள் விசா இல்லாமலே அங்கே போய் இருக்கலாம், அதனால் இங்குள்ள வெளிநாட்டவர் சட்டம் அங்கே செல்லாது என்று விளங்கப்படுத்தினாள். நீங்கள் திரும்பி வந்து, மிச்ச வருஷங்களை இங்கே இருந்துதான் கழிக்க வேண்டுமாம்.

நீங்கள் அந்தத் தீவுக்கு வேலைக்குப் போனதெல்லாம் ரவீந்திரன் அண்ணையின் யோசனை. "வரி குறைவு, நோர்வே எண்டா எங்கை இருந்தாலும் நோர்வேதானே" என்றார். அவர் நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் இருந்துகொண்டே பாஸ்போட் எடுத்தவர். அவ்வளவு வடக்கே இருந்தவருக்குச் சரிவந்தால், இன்னும் கொஞ்சம் வடக்கே போவதில் என்ன என்று நாமும் நினைத்துவிட்டோம். விமானம் ஏறும்போது வெளிநாட்டுக்குப் போகிற மாதிரிப் பத்திரம் காட்டச் சொன்னார்களே, அப்போதாவது நமக்கு உறைத்திருக்க வேண்டாமா!

போன கிழமை ஹம்சத்வனிக்குப் பள்ளிக்கூடத்தில் நோர்வேயின் படம் வரைகிற வேலை. தென்முனையில் ஊசி குத்தி நாட்டை அப்படியே கீழே திருப்பினால், வடக்கு நுனி ரோம் நகரத்துக்குக் கிட்டப் போகுமாம். அவ்வளவு நீளம் வரைந்தும் உங்கள் தீவுக்குத் தாளில் இடம் போதவில்லை. மூலையில் ஒரு பெட்டி போட்டு அதற்குள் வரைந்துவிட்டு, "அப்பாவை மட்டும் ஏன் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம்?" என்று கேட்கிறாள். கடலிலும் கோடுகள் உண்டாம். கரையோரம் நாட்டின் சொந்தக் கடல். அதற்கப்பால் வெகுதூரத்துக்கு மீன் பிடிக்கும் உரிமைக்கு இன்னொரு கோடு. உங்கள் தீவைச் சுற்றியுள்ள மீனுக்குச் சட்டம் போடுவது தான்தான் என்று நோர்வே சொல்ல, ரஷ்யா ஒத்துக்கொள்வதில்லையாம். பிள்ளை ஒப்புவிக்க ஒப்புவிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீனுக்கெல்லாம் உரிமை கொண்டாடுகிறார்கள், என் மனிசன் அங்கே நின்றதை மட்டும் கணக்கெடுக்க மாட்டார்களாம்!

இனிச் சொல்லப்போவதை உட்கார்ந்து வாசியுங்கோ. கரவெட்டியிலிருந்து சிவகாமி மச்சாள் தொலைபேசி எடுத்தா. மாமிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விளங்கவில்லை. பேச்சு மட்டும் தெளிவாம். டொக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவின் விஷயத்தில் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை.

சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததிலிருந்து இங்கே எல்லோரும் ஊருக்குப் போய் வருகிறார்கள். நீங்களும் பாஸ்போட் வந்தவுடன் வருவதாக மாமிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் அகதிப் பத்திரத்தில் இலங்கையைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம். தயவுசெய்து வேறு வழியால் ஊருக்குப் போகப் பார்க்காதேயுங்கோ. இங்கே இருக்கிற அனுமதியும் பறிபோய்விடும்.

நான் ஒஸ்லோவை விட்டு அசையாததால் எனக்குப் போன வருஷமே பாஸ்போட் வந்துவிட்டது. வேலையில் லீவு கேட்டுவிட்டேன். வருகிற மாதம் நானும் பிள்ளையும் மாமியிடம் போகிறோம். கேட்காமல் முடிவெடுத்தேன் என்று கோபம் வந்தால் கோபியுங்கோ. நம்மில் ஒருவராவது அவவின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீங்கள் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வாங்கோ. சம்பளம் குறைந்தால் குறையட்டும். தனியாகப் படுத்து எழும்பி எனக்கும் அலுத்துவிட்டது.

ஒன்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் உள்ளே போனதும், மாமி என்னைப் பார்க்கமாட்டா. எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்றுதான் பார்ப்பா. "அவன் எங்கை பிள்ளை?" என்று கேட்பா. அந்த மனிசியிடம் ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் பற்றியா நான் கதைக்கிறது? பொய் சொல்லவும் எனக்கு வராது. உங்கள் கையால் நாலு வரி எழுதி அனுப்புங்கோ, அவவின் காதுக்குக் கிட்டவாக வாசித்துக் காட்டுகிறேன். நல்லூர்க் கந்தன் உங்களைக் காக்கட்டும். நான் அழாமல் வாசிக்கக்கூடிய மாதிரி எழுதுங்கோ, அத்தான்.

உங்கள்
கமலேஸ்வரி