பிழை திருத்துபவர் கையெழுத்துப் போடவில்லை

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் உன்னோடு இருக்கும் பல் டாக்டர் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது, பிடுங்கினால் என் மருமகன் கையால்தான், இங்குள்ள டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். மற்ற எல்லாவற்றுக்கும் திறக்கிறாள்.

உன் நாடகத்தைப் போடவிருந்த குழுவுக்கு மண்டபம் கிடையாது என்று வார்டு உறுப்பினர் சொன்னது உனக்குத் தெரியும். இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதை குடும்பங்களுக்கு ஆகாதாம். எங்கள் தெருச் சாக்கடை மூன்று மாதமாக அடைத்துக் கிடக்கிறது, அதுவும் குடும்பங்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது, அதை அவர் எட்டிப் பார்த்ததில்லை. ஓட்டுக்காக வீடு வீடாக வந்து கும்பிட்டவர்கள், இப்போது வீட்டுக்குள் யார் யாரோடு இருக்கலாம் என்று சொல்ல வருகிறார்கள். போன ஞாயிறு நூலகத்தில் எங்கள் வாசகர் கூட்டத்துக்கே வந்துவிட்டார், கையில் ஒரு மனு, உன் நாடகப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும் என்று. பெரியவர் நீங்க, முதல்ல நீங்க போடுங்க என்று என்னிடம் பேனாவை நீட்டினார். புத்தகத்தைப் படிச்சீங்களா என்று கேட்டேன். அந்தக் கண்றாவியை நான் எதுக்கு சார் படிக்கணும் என்றார். நான் மூணு தடவை படிச்சிருக்கேன், எழுதினது என் பையன், போட முடியாது என்றேன். அங்கே யாருக்கும் அது தெரியாது. நீ வேறு பெயரில் எழுதுவது இத்தனை நாள் எனக்கு வசதியாக இருந்தது. அன்று சொல்லிவிட்டேன். தையல்கடைக்காரர் எழுந்து, எனக்கும் வேணாம் என்று பேனாவை மூடி வைத்தார். ஆறு பேர் போட்டார்கள், ஒன்பது பேர் போடவில்லை. போட்டவர்களில் இருவர் இப்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள், போகட்டும், அந்தப் பக்கம்தான் சாக்கடை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாடகத்தை எழுதி முடித்ததும் நீ முதலில் எனக்குத்தான் அனுப்பினாய். அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்த புத்தி, சிவப்பு மையில் பிழைகளை மட்டும் திருத்தித் திருப்பி அனுப்பினேன். எழுபது பக்கத்தில் நீ உன் வாழ்க்கையைச் சொல்லியிருந்தாய், நான் கமா போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நீ கடிதம் போடாதது நியாயம்தான். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். இன்று அந்தப் பயத்தை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

மண்டபம் இல்லாவிட்டால் என்ன, வரும் சனிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டு முன்னறையிலேயே நாடகம். அம்மா கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி இடம் செய்துவிட்டாள், தையல்கடைக்காரர் நாற்காலி கொண்டுவருகிறார். கதவு திறந்தே இருக்கும், உறுப்பினரும் வரலாம். அப்பா வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, நானே நடிக்கிறேன். கடைசிக் காட்சியில் மகனும் அவன் காதலனும் வாசலில் நிற்க, அந்த அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுகிறார். அதை யாரைப் பார்த்து எழுதினாய் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷத்தில் பிறர் எழுதியதில் நான் ஒரு சொல் சேர்த்ததில்லை. இந்த ஒரு தடவை சேர்க்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எழுந்து போக மாட்டேன். உள்ளே வாங்க ரெண்டு பேரும் என்று சொல்வேன்.

நோய்நொடி இல்லாமல் இருவரும் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும், இது எங்கள் இருவரின் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது இரண்டாக எடு, மறக்காதே.

இப்படிக்கு,
நாடகம் எழுதியவனின் அப்பா