இரட்டைப்படை எண்கள் உங்களுடையவை

அக்கா,

இன்று காலை பின்கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்ற வந்த தச்சர், வேலை முடிந்ததும் தண்ணீர் கேட்டுக் கூடத்து மர நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் எழுந்தபோது அது வழக்கம்போல் கிரீச்சென்று கத்தியது. "இன்னா டீச்சர் இது, இந்த சத்தம் போடுது? ரெண்டு ஆணி வெச்சா வாய மூடிக்கும்" என்று சுத்தியலை எடுத்துவிட்டார். நான் விரைந்து போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்பா. அது கத்தணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அது ஏன் கத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்றபோது பள்ளியில் எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்த நாற்காலி அது. அதே பள்ளியில் எனக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஓய்வு பெற்றிருந்த நீங்களும் விழாவுக்கு வந்து, "நின்னது போதும்டி, இனிமே குந்து" என்று வாழ்த்தினீர்கள். அந்த வாழ்த்தை நான் இரண்டு வருடம் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன். அறிவியல் வகுப்பில் கலோரி என்றால் என்ன என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டவள் நான். அது என் இடுப்பைச் சுற்றிக் குடியேறிக்கொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார்: "மூணு மாசம் டைம் தரேன். எடையும் சர்க்கரையும் இறங்கலைன்னா இன்சுலின்தான்." தனியாக இருப்பவள், ஊசி என்றாலே ஓடுகிறவள். அன்று உங்களுக்குப் போன் செய்து அழுதேன்.

நடந்துதான் பார்த்தேன். ஆனால் எங்கள் கரியமாணிக்கத்தில் ஒரு டீச்சர் தெருவில் தனியாக நடக்க முடியுமா? இருபதடி போவதற்குள் ஒரு பைக் வந்து நிற்கும். "ஏறுங்க டீச்சர், எங்க போவணும்?" உடம்புக்காக நடக்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. ஒருநாள் ஒரு பழைய மாணவன் கெஞ்சியதில் ஏறிவிட்டேன். மதகடிப்பட்டில் இறக்கி, டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினான். அதைச் சொன்னதும் நீங்கள் உங்கள் ஊர் கரையாம்புத்தூரில் சிரித்த சிரிப்பு போன் இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும்.

"நீ வூட்ட வுட்டு எறங்கவே வேணாம்டி. நாற்காலி இருக்குதுல்ல?" என்றீர்கள். "கையை ஊனாத எழுந்திரு. மறுபடி குந்து. மறுபடி எழுந்திரு. நம்ம ஒடம்பே ஒரு நெல்லு மூட்டை. அதத் தூக்கித் தூக்கி வெச்சா போதாதா? அதுக்கு இன்னாத்துக்கு மெஷினு?"

டாக்டரிடம் கேட்டேன்; தாராளமாகச் செய்யலாம் என்றார். மறுநாள் ஆறு மணிக்கு உங்கள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூலின்மேல் வைத்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, அதற்கும் விதி போட்டீர்கள். இருவரும் சேர்ந்தே எழ வேண்டும். ஆனால் ஒற்றைப்படையை நான் எண்ண வேண்டும், இரட்டைப்படையை நீங்கள். ஒன்று என்றேன். இரண்டு என்றீர்கள். முதல் நாள் ஐந்திலேயே என் தொடை நடுங்கியது. நல்லவேளை, ஐந்து என்னுடையது, மெல்லச் சொன்னேன்.

கார்த்திகை மழையில் ஒருநாள் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே, மூச்சு வாங்குவதுபோல் நடித்து, "மூணு... அஞ்சு..." என்றேன். ஆறு வரவில்லை.

"ஏன்டி, நாற்காலி லீவு லெட்டர் குடுத்துடுச்சா?"

"எண்ணெய் போட்டேங்கா, அதான் சத்தம் வரல."

"அப்டியா? எழுந்திரு, கேக்கலாம்."

எழுந்தேன். கிரீச். மழைச் சத்தத்தையும் மீறிச் சிரித்தீர்கள். பிறகு குரலை இறக்கி, "என்னை ஏமாத்திக்கோ. எண்ணிக்கையில மட்டும் பொய் சொல்லாத. ஒடம்புக்குத் தெரிஞ்சிடும்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் நான் ஏமாற்றவில்லை. உங்கள் பக்கம் இருந்தது பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு வாய் கிடையாது. நீங்கள் எழுகிறீர்களா என்று சோதிக்க எனக்கு வழியும் இல்லை, தோன்றவும் இல்லை.

தை பிறந்ததும், பேரன் பரீட்சைக்குத் துணையாகச் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போகிறேன் என்றீர்கள். அங்கிருந்தும் ஆறு மணி தவறவில்லை. நாம் அப்போது இருபதுக்கு வந்திருந்தோம். ஆனால் உங்கள் எண்கள் தாமதமாக வரத் தொடங்கின. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் மூச்சு இரைத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? கேலி செய்தேன். "இன்னாக்கா, பதினாலுக்கே நுரை தள்ளுது? சென்னைக்குப் போயி வடையா சாப்புடுறீங்க?"

"ஆமாண்டி" என்றீர்கள். "நேத்து ரெண்டு."

அந்த மாதக் கடைசியில் என் ரத்தப் பரிசோதனை வந்தது. டாக்டர் காகிதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஊசி வேணாம்மா. மாத்திரையே போதும். செய்யறதை விடாதீங்க" என்றார். கிளினிக் வாசலிலிருந்தே உங்களைக் கூப்பிட்டேன். சர்க்கரை அளவைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். பிறகு, "நாளைக்கு ஆறு மணி. லேட் பண்ணாத" என்றீர்கள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்தொன்பது என்றேன். இருபது உங்களுடையது. அது வரவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, நானே இருபது என்று சொல்லி முடித்துவிட்டுக் காபி போடப் போனேன். அன்று மாலை உங்கள் எண்ணிலிருந்து உங்கள் மருமகள் பேசினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கரையாம்புத்தூர் வந்திருந்தேன். மருமகள் என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். "பரீட்சைக்குன்னு சொன்னது பொய் டீச்சர். இதய வைத்தியத்துக்குத்தான் வந்தாங்க. கட்டில வுட்டே எறங்கக் கூடாதுன்ட்டாரு டாக்டரு."

"காலையில என்கூட எண்ணுவாங்களேம்மா?"

"படுத்துக்கினேதான் எண்ணுவாங்க. போனைக் காதுகிட்ட வெச்சிக்குவாங்க. உங்க நாற்காலி கத்துற வரைக்கும் காத்துக்கினு இருந்து அப்புறம் நம்பர சொல்லுவாங்க. ஏன் அத்தே மூச்சு முட்ட இதைச் செய்யறீங்க, டீச்சர்கிட்ட சொல்லிட்டு நிறுத்திடலாம்னு கேட்டேன். நான் நிறுத்துனா அவளும் நிறுத்திடுவாடின்னாங்க."

எண்ணிக்கையில் பொய் சொல்லாதே என்ற நீங்கள் எத்தனை விடியல்கள் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறீர்கள்! முதலில் கோபம்தான் வந்தது. நீங்கள் விட்ட மூச்சு மட்டும் மெய் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த வடைக் கேலியை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ஒரு வாரம் நாற்காலிப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் ஆறு மணிக்கு, பழக்கத்தில், ஸ்டூலை இழுத்துப் போனை அதன்மேல் வைத்தேன். அது அடிக்கவில்லை. நான் நிறுத்திவிடுவேன் என்று நீங்கள் பயந்தது ஞாபகம் வந்தது. கையை ஊனாமல் எழுந்தேன்.

இப்போதும் இருபதுதான் அக்கா. ஒற்றைப்படைகளை மட்டும் நான் எண்ணுகிறேன். உங்கள் முறை வரும்போது வாய் திறப்பதில்லை. எழுவேன், நாற்காலி கத்தும், உட்காருவேன். பத்தொன்பது என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பேன். பிறகு உட்கார்ந்து, உங்களுக்குக் கேட்கும்படி, இன்னொரு முறை எழுவேன்.