தலைப்பிரட்டைக்கு ஊற்றிய குழாய்த் தண்ணீர்

இன்று காலை குழாயைத் திறந்ததும் மருந்து வாடை மூக்கில் ஏறியது. மழைக்காலம் தொடங்கினால் இந்த மலையாள ஊரில் குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து கூடுதலாகத்தான் போடுவார்கள். குடம் பாதி நிறைந்ததும் தள்ளி நின்றுவிட்டேன். பின்னால் நின்றவள், "சேச்சி, பிடிக்கிறீங்களா இல்லையா?" என்று அலுத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன தெரியும். எனக்கு அந்த வாடையோடு நீங்கள் வந்துவிட்டீர்கள், ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் முன்னால் குத்தவைத்துக்கொண்டு.

நாம் இரண்டு பேரும் குடித்தனம் இருந்த வீட்டின் மாடியறைக்கு, தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மலையாளப் பெண் வாடகைக்கு வந்தாளே, அந்தக் காலம். உங்களுக்குக் கார்ப்பரேஷனில் கொசு மருந்து வேலை. தோளில் டப்பாவோடு தேங்கிய தண்ணீரைத் தேடிப் போய் எண்ணெய் ஊற்றிவிட்டு வருவீர்கள். அவளும் தேங்கிய தண்ணீரைத் தேடித்தான் போவாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எந்தக் குளத்துல என் பிள்ளைங்களைக் கொன்னீங்க?"

"நான் கொசுவைத்தான் கொன்னேன் மோளே. குறுக்கே உன் பிள்ளைங்க வந்தா நான் என்ன செய்ய?"

நான் நடுவில் சாயாவை வைத்துவிட்டு, "குடிச்சுட்டுக் கொலை வழக்கைப் பேசுங்க" என்பேன்.

அந்த வருடம் காக்கநாட்டுப் பக்கம் ஒரு குளத்தை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். கட்டிடம் வரப்போகிறது என்றார்கள். அந்தக் குளத்திலிருந்து ஒரு தொட்டி நிறைய தலைப்பிரட்டைகளைக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்தாள். ஏதோ சின்னச் சாதித் தவளை. முன்பு அந்த வட்டாரம் முழுக்கக் கத்துமாம். அவள் தேடிப் பார்த்த வரையில் அந்த ஒரு குளத்தில்தான் மிச்சம். அதுவும் மூடிப்போனால் அங்கே அந்த இனமே இல்லை. வேறோர் இடத்தில் விடுவதற்கு அனுமதி கேட்டிருந்தாள். அதற்குள் அவளுடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது. "வெந்த கீரை கொஞ்சம் போட்டாப் போதும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொட்டியில் இருந்தது அந்தக் குளத்துத் தண்ணீர்தான். பச்சையாக, பாசி நாற்றம். உங்களுக்குப் பொறுக்கவில்லை. இங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாய் எப்போது வருகிறதோ அப்போதுதான் நமக்கு விடியல். வரிசையில் நின்று பிடித்து, சோறு பொங்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து, "பச்சப் பிள்ளைங்க சாக்கடையில கிடக்குதுங்க ஏட்டி" என்று தொட்டியைக் கழுவி ஊற்றினீர்கள். குடத்தைத் தூக்கிக் கொடுத்தவள் நான்தான். மறுநாள் பார்த்தால் எல்லாம் வயிறு தெரிய மிதந்தன.

அவள் திரும்பி வந்த அன்று நீங்கள் வேலைக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்றீர்கள். "எண்ணெய் ஊத்தலை மோளே. நாங்க குடிக்கிற தண்ணிதான் ஊத்தினேன்."

அவள் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. "நமக்கு அது குடிக்கற நல்ல வெள்ளம் அண்ணாச்சி. இதுங்களுக்குத் தோல் ரொம்ப மெல்லிசு. மருந்து நேரா உள்ளே போயிடும்."

"அப்ப இதுங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லு, நான் கொண்டாறேன்."

"ஒண்ணும் கொண்டுவர வேண்டா. இருக்கற இடத்துல இருக்க விட்டாப் போதும். அந்த இடம்தான் இப்பப் போகுது."

அடுத்த நாளே மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். குளத்தில் பெரும்பகுதி செம்மண்ணாகிவிட்டது. லாரி நின்று கொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் முழங்கால் சேற்றில் இறங்கியதைப் பார்த்து டிரைவர் சிரித்தான். "எந்தா அண்ணாச்சி, மீன் பிடிக்கறதா?"

"மீன் இல்லப்பா. குடியிருந்தவங்க கொஞ்சம் பேர் இன்னும் காலி பண்ணலை."

மூடாத ஓரத்தில் கொஞ்சம் கிடைத்தன. அந்தத் தண்ணீரோடேயே வாளியில் எடுத்தீர்கள். அனுமதி கிடைத்ததும், அப்பால் வீடு கட்ட வெட்டுக்கல் எடுத்துக் கைவிட்ட பள்ளத்துக்குக் கொண்டுபோனோம். மழை தூறியது. நான் குடையோடு மேலே நின்றேன். வாளியைக் கவிழ்க்கப் போன உங்கள் கை பாதியில் நின்றது. "இப்பக் கவிழ்க்கலாமா மோளே?" என்று கேட்டீர்கள். அவள் கவிழ்க்கவே வேண்டாம் என்றாள். வாளியைச் சாய்த்துப் பள்ளத்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, அதுகளாக வெளியே போகிறவரை இரண்டு பேரும் நனைந்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

பிறகு அவள் ஊர் மாறிப் போனாள். இரண்டு மழைக்காலம் கழித்துப் போன் செய்தாள், அந்தப் பள்ளத்துக்குப் போய்ப் பார்த்ததில் ஒன்றிரண்டு தவளைக் குரல் கேட்டதாக. "அப்பப் பிழைச்சுக்கிட்டதுன்னு எழுதிட்டியா?" என்று கேட்டீர்கள். அதற்கு இன்னும் பல மழை பார்க்கணும், இப்போதைக்கு ஆபத்தில் இருக்கிறது என்றுதான் எழுத முடியும் என்றாளாம். போனை வைத்துவிட்டு, "ஆபத்துல இருக்குன்னா, இருக்குன்னுதானே ஏட்டி?" என்றீர்கள். அன்று இரண்டு கை கூடுதலாகச் சோறு சாப்பிட்டீர்கள்.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, பள்ளுருத்தியிலிருந்து உங்கள் தங்கச்சி இளநீரோடு வந்தாள். இன்னொருவர் கஞ்சி. இன்னொருவர் மந்திரித்த தண்ணீர். எல்லோருக்கும் உங்கள்மேல் அன்புதான். நீங்கள் வாயை இறுக்கிக்கொண்டீர்கள். நான் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் காதருகே குனிந்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். நீங்கள் ஜன்னலைக் காட்டினீர்கள். திறந்தேன். சாரல் அடித்துப் போர்வை நனைந்தது. "சாகிற மனுஷனைக் குளிர்ல போடுறியே" என்று உங்கள் தங்கச்சி திட்டினாள். நீங்கள் மூடச் சொல்லவில்லை. நானும் மூடவில்லை.

இப்போது யாருக்கு எதைக் கொடுக்கப் போனாலும் என் கை கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறது. பேரன் தட்டில் ஒரு கரண்டி குழம்பு ஊற்றவும் கேட்கிறேன். "எதுக்கெடுத்தாலும் கேட்டுக்கிட்டே இருக்கீங்களே அத்தை, நல்லதுன்னா போட வேண்டியதுதானே?" என்று மருமகள் சிரிக்கிறாள். பிள்ளை தலையை ஆட்டுகிறவரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.