"இவங்க யாரு?" என்று கேட்டபோது

புந்தோங், ஈப்போ
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி ரூபன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பத்து நாளாகப் போன் அடிக்கிறேன், எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு நம் ஷாமினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்புவதற்குள் நீ ஏன் பஸ் ஏறிவிட்டாய்? அத்தை எங்கே, அத்தை எங்கே என்று ஷாமினி அழுதாள். மாப்பிள்ளையின் அப்பா ஞானசேகரம் ஐயா கேட்டதும் பதற்றத்தில் ஏதோ வாயில் வந்துவிட்டது. பெரிய இடம் அக்கா, லாயர் குடும்பம். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. ஏப்ரலில் நிச்சயம். நீ வந்தே ஆகவேண்டும்.

சபையில் முற்பிதாக்களைப் பற்றி வாராவாரம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆபிரகாம் எத்தனை தடுமாறினாலும் தேவன் அவருக்குக் கொடுத்த வாக்கை விடவில்லை. நமக்கும் அப்படித்தான், நம்பு.

அன்புத் தம்பி,
ரூபன்

சிலிம் ரிவர்
9.3.2025

அன்புத் தம்பி ராஜுவுக்கு,

அக்கா மாரியம்மா எழுதிக்கொள்வது. ஞானஸ்நானத்தில் நீ ரூபன் ஆனாலும் எனக்கு ராஜுதான். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருசம் பால் வாளி தூக்கிய உடம்பு.

"ஏதோ வாயில் வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். என்னடா ஏதோ? நானே எழுதுகிறேன். நான் காப்பித் தட்டோடு நிற்கிறேன். "இவங்க யாரு?" என்று அவர் கேட்டார். "வீட்டு வேலைக்கு வாரவங்க"ன்னு நீ சொன்னே. எனக்குக் காது நல்லாக் கேக்குதுலா.

உன் ஆபிரகாமை எனக்கும் தெரியும். நீ ஞாயிறு பள்ளிப் போட்டிக்கு ஒப்பித்ததை எல்லாம் பால் மரம் வெட்டிக்கொண்டே கேட்டவள் நான்தானே. அந்த மனுசன் உயிருக்குப் பயந்து பெண்டாட்டியைத் தங்கச்சி என்றான். நீ எதற்குப் பயந்து அக்காவை வேலைக்காரி என்றாய்? உன்னை வெட்டவா வந்தார்கள்? கடவுள் அவனைக் கைவிடவில்லை, சரி. தங்கச்சி என்றதை நம்பி எகிப்து ராஜா தன் வீட்டுக்குக் கொண்டுபோன அந்த அம்மா என்ன பாடு பட்டிருப்பாள் என்று உங்கள் சபையில் யாராவது பேசுவீர்களா?

இன்னொன்றும் கேள். நான் கோப்பை கழுவும்போது பையனின் அம்மா குசினிக்கு வந்தார். "நீங்கள் ரூபனுக்குச் சொந்தமோ? மூக்கு ஒரே மாதிரிக் கிடக்கு" என்றார். "இல்லைங்கம்மா, நான் சம்பளத்துக்கு வாரேன்" என்றேன். உன் மானம் போகக்கூடாது என்று சொன்ன பொய். நாக்கு இன்னும் கசக்கிறது. அதனால்தான் பஸ் ஏறினேன். நிச்சயத்துக்கு நான் எப்படி வந்து நிற்பது, அத்தையாகவா, வேலைக்காரியாகவா? நீயே சொல்.

பிள்ளைக்கு என் முத்தம்.

அக்கா
மாரியம்மா

புந்தோங், ஈப்போ
17.3.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகக் கூசியது. ஷாமினிக்குக் காட்டக்கூடாது என்று சட்டைப் பையில் ஒளித்தேன். மறுநாள் காட்டினேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள். பெற்ற பிள்ளை முன்னால் அப்படித் தலைகுனிந்தது இதுவே முதல் தடவை.

நேற்று சபையில் ஆபிரகாம் எகிப்துக்குப் போய் மனைவியைத் தங்கை என்ற பகுதி. ஞானசேகரம் ஐயா குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தேன். எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டு, "பால் மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்த அக்காவை, என் வீட்டு ஹாலில் வைத்து வேலைக்காரி என்று சொன்னேன்" என்றேன். ஐயா நிமிர்ந்தே பார்க்கவில்லை. வெளியே வந்ததும் பையனின் அம்மா மட்டும் அருகில் வந்து, "எனக்கு அண்டைக்கே தெரியும். எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். செத்துவிடலாம் போல் இருந்தது அக்கா. நிச்சயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிவிட்டார்கள். நடக்குமோ நடக்காதோ, தெரியவில்லை.

தேவன் கைவிடமாட்டார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயசு. அன்றைக்கு அவர் என்னைக் கைவிடவில்லை என்றால், அது உன் கையால்தான். அந்தக் கையில் தட்டைக் கொடுத்து நிற்கவைத்துவிட்டு யாரோ என்று சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. நீ அத்தையாக வா அக்கா. வரவில்லை என்றாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

உன் தம்பி,
ராஜு

சிலிம் ரிவர்
24.3.2025

ராஜு,

கடிதம் கிடைத்தது. உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து உலை வைத்தேன்.

நோன்புப் பெருநாள் ராயாக் கூட்டம் குறைந்ததும், ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வாரேன். நிச்சயம் நடந்தாலும் வாரேன், நடக்காவிட்டாலும் வாரேன். ஸ்டேஷனில் வந்து நில். கோபம் முழுசாகப் போகவில்லை, அதையும் கூடவேதான் கொண்டு வருகிறேன். உன் சபையில் கடைசி வரிசையில் உட்காருவேன், விபூதியை அழிக்கச் சொல்லாதே. காப்பியை நீயே கலக்கிக் கொண்டு வா.

யாராவது "இவங்க யாரு?" என்று கேட்டால் நீ வாயைத் திறக்காதே. நான் சொல்லிக்கிறேன், இவன் என் தம்பின்னு.

அக்கா